நீக்கினார்கள், மீண்டும் வந்தான்!

மாலை வேளையில் நமது படிப்பகங்களில் கூடுகிற மாணவத் தம்பிகள், நம்மைச் சும்மா விடுவதில்லை. ஏட்டைப் புரட்டிவிட்டு எழுந்து போகிறவர்களல்ல அவர்கள், கேள்வி கேட்கிறவர்கள். மக்கள் ஓட்டளித்து அனுப்பிய ஒருவரை, சட்டமன்றம் தன் பெரும்பான்மைப் பலத்தால் வெளியே தள்ளலாமா? தள்ளப்பட்டவர் மறுபடியும் தேர்தலில் நிற்கலாமா? ஆளுநர் படிக்கிற உரை ஆளுநருடையதா, அமைச்சரவையினுடையதா? யார் பெயரும் எழுதாத வாரண்டை நீட்டி, போலீசார் ஒரு வீட்டுக்குள் நுழையலாமா? சபையிலே பேசப்பட்டதை ஏட்டிலே போட்டால் குற்றமா?

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இவை இரண்டு மதிப்பெண் கேள்விகள். விதி இன்னது, எண் இன்னது என்று சொல்லி அனுப்பிவிடலாம். நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. ஒரு மனிதனின் கதையைச் சொல்லப் போகிறோம். ஏனென்றால், இத்தனை கேள்விகளும் ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தில் ஒரே மனிதனின் தலையிலே வந்து விழுந்தன. அவன் சிறை சென்றான், நாடு விட்டு ஓடினான், திரும்பி வந்தான், வென்றான், மீண்டும் வென்றான், மீண்டும் மீண்டும் வென்றான். அவன் பெயர் ஜான் வில்க்ஸ்.

உத்தமன் என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! லண்டன் மாநகரின் கிளார்க்கன்வெல் பகுதியில் 1725-இல் பிறந்தவன். தகப்பன் சாராயம் காய்ச்சும் தொழிலில் பணம் சேர்த்தவர். மகனை ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். மகன் அங்கே ஏட்டைத் தொட்டதைவிடக் கோப்பையைத் தொட்டது அதிகம். தன்னைவிடப் பத்து வயது மூத்த பணக்காரப் பெண்ணை மணந்தான், சொத்தைச் செலவழித்தான், அவளைப் பிரிந்தான். ஒரே மகள் பாலி — அவளிடம் மட்டும் உயிரை வைத்திருந்தான். மாறுகண், துருத்திய தாடை, பார்ப்பவர் முகஞ்சுளிக்கும் தோற்றம். ஆனால் அரை மணி நேரம் பேசவிட்டால் போதும், எதிரே இருப்பவர் அவன் முகத்தையே மறந்துவிடுவார் என்று அவனே பெருமை பேசிக்கொள்வானாம். 1757-இல் எயில்ஸ்பரி தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போனான். பணத்தை வாரி இறைத்துத்தான் போனான். குடிகாரப் பிரபுக்களின் கூட்டத்திலே கும்மாளம் போட்டவன். இவனா விடுதலை வீரன் என்று கேட்கத் தோன்றும். உரிமைகள் எப்போதும் நல்லவர் வீட்டு வாசற்படியிலேயே பிறப்பதில்லை. கேளுங்கள்.

1760-இல் மூன்றாம் ஜார்ஜ் இங்கிலாந்தின் அரியணை ஏறினான். வயது 22. அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ப்யூட் பிரபு, 1762-இல் தலைமை அமைச்சரானார். ஆசான் அரண்மனைக்குள் போனார். அனுபவசாலிகள் வெளியே போனார்கள். தம் புகழ் பாட ஒரு ஏடு வேண்டுமென்று ப்யூட், 'பிரிட்டன்' என்ற இதழைத் தொடங்கச் செய்தார். ஒரே வாரத்தில் பதில் வந்தது! 1762 ஜூன் 5-ஆம் நாள் வில்க்ஸ் 'நார்த் பிரிட்டன்' என்று ஓர் இதழைத் தொடங்கினான். வட பிரிட்டன் என்றால் ஸ்காட்லாந்து. ப்யூட் ஸ்காட்லாந்துக்காரர். பெயரிலேயே கிண்டல்! கிண்டலோடு நின்றிருந்தால் நமக்கும் மகிழ்ச்சி. ஸ்காட்லாந்து மக்கள் அனைவரையுமே அவன் இழிவாக எழுதினான். ஒரு அமைச்சர்மேல் உள்ள கோபத்தை ஓர் இனத்தின்மேல் கொட்டினான். அது அழுக்கு, அழுக்கென்றே சொல்லுவோம்.

ஏழாண்டுப் போர் முடிந்து 1763 பிப்ரவரியில் பாரிசில் ஒப்பந்தம் ஆயிற்று. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த புதுச்சேரி, அந்த ஒப்பந்தப்படிதான் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிப் போயிற்று. பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று லண்டன் வணிகர்கள் பொருமினார்கள். ப்யூட் ஏப்ரலில் பதவி விலகினார், கிரென்வில் வந்தார். அரசன் சபையிலே உரை படித்தான். அந்த ஒப்பந்தத்தை ஆகா ஓகோவென்று புகழ்ந்தான். ஏப்ரல் 23-ஆம் நாள் 'நார்த் பிரிட்டன்' 45-ஆம் இதழ் வெளிவந்தது. அந்த உரையைப் பொய்யென்று கிழித்தெறிந்தது.

அரசனையா தாக்கினான்? இல்லை. கட்டுரையின் தொடக்கத்திலேயே வில்க்ஸ் தெளிவாக எழுதியிருந்தான்: அரசன் படிக்கும் உரை அமைச்சர்கள் எழுதித் தருவது, எனவே அதைக் குறை சொல்வது அமைச்சர்களைக் குறை சொல்வதேயாகும். தம்பிகளின் ஆளுநர் கேள்விக்கு விடை, 260 ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தாளிலேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத்தில் ஆளுநர், அமைச்சரவை தந்த உரையில் சில பகுதிகளை விழுங்கிவிட்டுப் படித்தாரே, அப்போது நாம் கேட்டதும் இதைத்தான். எழுதியவர் பொறுப்பாளி. படிக்க வந்தவர் படிக்க வேண்டியவர்.

அரசனுக்கு இந்த நயமெல்லாம் புரியவில்லை. அல்லது புரிந்தும் பிடிக்கவில்லை. அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஒரு வாரண்டு பிறப்பித்தார். அதிலே வில்க்ஸ் பெயர் இல்லை. எவர் பெயரும் இல்லை! அந்த இதழை எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் — யாராக இருந்தாலும் தேடிப் பிடியுங்கள். அவர்கள் தாள்களையும் அள்ளி வாருங்கள். அவ்வளவுதான் கட்டளை. யாரைப் பிடிப்பது என்பதை ஏவலாளே தீர்மானித்துக்கொள்ளலாம். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை போல!

ஏவலாட்கள் கிளம்பினார்கள். 49 பேரைப் பிடித்தார்கள். 45-ஆம் இதழை அச்சிடவே செய்யாத ஓர் அச்சகத்துக்குள் இரவிலே புகுந்து, உரிமையாளரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, வேலையாட்களோடு இழுத்துப் போனார்கள். அச்சுக் கோத்தவன், மை தடவியவன், தாள் மடித்தவன், எல்லோரும் குற்றவாளிகள்! எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குற்றத்துக்காகக் கைதானவர்களும் உண்டு என்று சொன்னால் மிகையில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வில்க்சின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுவார்கள். நாம் ஓடமாட்டோம். நமது ஏடும் அச்சுக் கோப்பவர் விரலிலேதான் உயிர் வாழ்கிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஹக்கிள். அச்சகக் கூலித் தொழிலாளி. வாரக் கூலி ஒரு கினி. அதாவது 21 ஷில்லிங். ஏறத்தாழ ஆறு மணி நேரம் காவலில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. மாட்டிறைச்சி வறுவலும் பீரும் வாங்கிக் கொடுத்து மரியாதையாகவே நடத்தினார்கள். அனுப்பிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால், நல்ல சாப்பாடு கிடைத்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார். ஹக்கிள் வழக்குப் போட்டார்!

அரசாங்கத்தின் வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். அரை நாள் கூலி போயிருக்கும். அதற்கும் விருந்து வைத்தாகிவிட்டது. நட்டம் என்ன என்று கேட்டார்கள். லண்டன் ஜூரிகள் — கடைக்காரர்களும் கைத்தொழில் முதலாளிகளும் — கூடிப் பேசி, 300 பவுன் நட்ட ஈடு கொடு என்றார்கள். முந்நூறு பவுன்! அந்தத் தொழிலாளியின் ஐந்தரை ஆண்டுக் கூலி! தொகை மிக அதிகம், மறு விசாரணை வேண்டும் என்று அரசாங்கத்தார் தலைமை நீதிபதி சார்லஸ் பிராட்டிடம் ஓடினார்கள். பிராட் மறுத்தார். உடலுக்கு நேர்ந்த துன்பத்தை மட்டும் பார்த்தால் 20 பவுனே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் ஜூரிகள் பார்த்தது அந்த ஆறு மணி நேரத்தை அல்ல, பெயரில்லாத வாரண்டோடு எந்த வீட்டுக்குள்ளும் எவனும் நுழையலாம் என்ற கொடுமையை. ஆளின் எளிமையையோ வருமானத்தையோ அல்ல, உரிமையை. இதுதான் அவர் தீர்ப்பின் சாரம். ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கிலேதான் அந்தப் பெரிய கதவு முதலில் அசைந்தது.

வில்க்சுக்கு வருவோம். ஏப்ரல் 30-ஆம் நாள் அவனையும் பிடித்தார்கள். வீட்டு மேசைகளை உடைத்துத் தாள்களைச் சாக்கிலே கட்டினார்கள். லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் போட்டார்கள். சில நாளில் பிராட்டின் முன் கொண்டுவந்தபோது நீதிமன்றத்தின் உள்ளும் புறமும் மக்கள் வெள்ளம். பாராளுமன்ற உறுப்பினரை இத்தகைய வழக்கில் கைது செய்ய முடியாது என்று பிராட் மே 6-ஆம் நாள் விடுவித்தார். உறுப்பினருக்கு ஏன் அந்தப் பாதுகாப்பு? அவன் பெரிய மனிதன் என்பதற்காகவா? அல்ல. அரசன் நினைத்தால் தனக்கு வேண்டாத உறுப்பினரை வாக்கெடுப்பு நாளிலே சிறையில் வைத்துவிடலாம். அப்போது அவனை அனுப்பிய ஊரே ஊமையாகிவிடும். அந்த ஊமைத்தனத்தைத் தடுக்கத்தான். வில்க்சின் பெயரையும் விடுதலை என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சேர்த்து முழங்கிக்கொண்டு மக்கள் அவனை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போனவன் என்ன செய்தான் தெரியுமா? என் வீட்டில் கொள்ளை போயிருக்கிறது, களவுப் பொருள் உங்களிடம் இருப்பதாகத் தகவல் என்று அமைச்சர்களுக்கே கடிதம் எழுதினான்! அந்தத் துணிச்சலை என்னென்பது!

துணைச் செயலாளர்மேல் தொடுத்த வழக்கில் 1763 டிசம்பரில் 1,000 பவுன் பெற்றான். 1765-இல் என்டிக் என்ற மற்றோர் எழுத்தாளரின் வழக்கில் பிராட் — அப்போது கேம்டன் பிரபு — இத்தகைய தேடுதலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று அடித்துச் சொன்னார். 1766-இல் காமன்ஸ் சபையே பெயரில்லா வாரண்டுகளைக் கண்டித்தது. 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தில், எந்த இடம், யார், எந்தப் பொருள் என்று குறிப்பிட்டுச் சொல்லாத வாரண்டு கூடாது என்று எழுதியபோது, எழுதியவர்களின் நினைவில் இந்த வழக்குகள் இருந்தன.

ஆனால் அரசனின் ஆத்திரம் ஆறவில்லை. நீதிமன்றத்தில் தோற்றதைச் சபையிலே வென்றுவிடத் திட்டமிட்டார்கள். வில்க்ஸ் தன் நண்பர்களுக்காக மட்டும் ஒரு டஜன் படிகள் அளவுக்கு அச்சிட்டு வைத்திருந்த ஆபாசப் பாட்டொன்றை, அவன் அச்சகத்து ஆளுக்கு லஞ்சம் கொடுத்து வாங்கினார்கள். அதைப் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று படித்தவர் யார்? சாண்ட்விச் பிரபு! வில்க்சோடு சேர்ந்து கும்மாளம் போட்ட அதே கூட்டாளி! ஒழுக்கத்தைப் பற்றி அவர் உபதேசம் செய்தார். லண்டன் வாய்விட்டுச் சிரித்தது. காமன்ஸ் சபையோ 45-ஆம் இதழ் அரச நிந்தனை என்று தீர்மானித்து, தூக்கிலிடுபவன் கையால் அதை எரிக்க ஆணையிட்டது. எரிக்க வந்தபோது கூட்டம் பாய்ந்து தாள்களைப் பறித்தது. இடையிலே ஒரு துப்பாக்கிச் சண்டையில் வில்க்ஸ் குண்டடிபட்டான். ஆண்டு முடியுமுன் பாரிசுக்கு ஓடிவிட்டான். 1764 ஜனவரியில் சபை அவனை நீக்கியது; நீதிமன்றம் அவன் இல்லாமலேயே குற்றவாளி என்றது; நவம்பரில் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவித்தது. நான்காண்டு பிரான்சிலும் இத்தாலியிலும் கடன்மேல் கடன் வாங்கிக் காலம் தள்ளினான். அந்த நாட்களில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

1768 பிப்ரவரி. கடன்காரர் துரத்த, துணிந்து லண்டன் திரும்பினான். மாநகரத் தொகுதியில் நின்றான், படுதோல்வி. மனம் தளரவில்லை, அடுத்த சில நாளில் மிடில்செக்ஸ் மாவட்டத் தொகுதியில் நின்றான். மார்ச் 28-ஆம் நாள் பிரென்ட்ஃபோர்டு ஊரில் வாக்குப் பதிவு. வில்க்ஸ் 1,292, அடுத்தவர்கள் 827, 807. வெற்றி!

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். வெற்றிக்கு விளக்கேற்றாத மாளிகையின் சன்னல்கள் நொறுங்கின. கதவெல்லாம் 45, சுவரெல்லாம் 45, வண்டியெல்லாம் 45. ஆஸ்திரியத் தூதரை வண்டியிலிருந்து இறக்கி, அவர் காலணியின் அடிப்புறத்திலே சுண்ணக்கட்டியால் 45 என்று எழுதி அனுப்பினார்கள்! அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நகரத்துக்கு வெளியே 15 மைல் வரைக்கும் அந்த எண் இல்லாத கதவைக் காண்பது அரிதாயிருந்தது என்று எழுதி வைத்தார். அவருக்கு வில்க்சைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யார் இப்படி எழுதியது? நெசவாளி, கப்பலோட்டி, கரி சுமக்கும் தொழிலாளி, தையற்காரன். அந்த ஆண்டு ரொட்டி விலை ஏறியிருந்தது. தேம்ஸ் ஆற்றங்கரை எங்கும் வேலை நிறுத்தம். ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் உடையவனுக்குத்தான் மாவட்டத் தொகுதியில் ஓட்டு. தெருவிலே தொண்டை கிழிய முழங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது! ஓட்டில்லாதவன், ஓட்டுள்ளவனின் ஓட்டு செல்ல வேண்டும் என்பதற்காகத் தெருவுக்கு வந்தான். ஏன் வந்தான்? தன் முறையும் ஒரு நாள் வரும் என்று அவன் எண்ணியிருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

வில்க்ஸ் தானாகவே நீதிமன்றத்தில் சரணடைந்தான். கிங்ஸ் பெஞ்ச் சிறையில் வைத்தார்கள். சிறைக்கு எதிரேயுள்ள செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் மே 10-ஆம் நாள் பெருங்கூட்டம் கூடியது. படை வந்தது. சுட்டது. பலர் மாண்டனர். கல்லெறிந்த ஒருவனைத் துரத்திய சிப்பாய்கள், வில்லியம் ஆலன் என்ற இளைஞனை — கூட்டத்தில் கல்லெறியாதவனை — அவன் தந்தையின் மாட்டுக் கொட்டகையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களுக்குத் தண்டனை? இல்லை. போர்த்துறைச் செயலாளர், அரசன் பெயரால் படைக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார்!

ஜூனில் வில்க்சுக்கு 22 மாதச் சிறையும் 1,000 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறையிலே ஒரு தாள் அவன் கைக்குக் கிடைத்தது. கலவரத்துக்கு மூன்று வாரம் முன்பே, படையை அழைக்கத் தயங்காதீர்கள் என்று அமைச்சர் ஒருவர் நீதிபதிகளுக்கு எழுதிய கடிதம். அதை அப்படியே ஏட்டில் வெளியிட்டு, திட்டமிட்ட படுகொலை என்று தன் குறிப்பையும் சேர்த்தான். போதாதா? 1769 பிப்ரவரி 3-ஆம் நாள் காமன்ஸ் சபை 219-க்கு 137 என்ற வாக்கில் அவனை நீக்கியது. எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் கிரென்வில். ஆம், அதே கிரென்வில்! அவர் ஆட்சியில்தான் வில்க்ஸ் டவர் சிறைக்குப் போனான். அவனை வெறுத்தவர், ஆனால் இந்த வழியில் போனால் முடிவிருக்காது, அவனை மக்கள் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள், அப்போது என்ன செய்வீர்கள் என்று எச்சரித்தார். பகைவனிடத்திலும் ஒரு வேளை அறிவு பேசும்.

பிப்ரவரி 16: மிடில்செக்ஸ் மக்கள் அவனையே தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் சபை அதைச் செல்லாதென்றது. இந்தப் பாராளுமன்றத்துக்கு அவன் தேர்ந்தெடுக்கப்படவே தகுதியற்றவன் என்றும் சேர்த்தது. மார்ச் 16: மறுபடியும் வில்க்ஸ். செல்லாது! ஏப்ரல் 13: இந்த முறை அரண்மனைக் கட்சி லட்ரல் என்ற படை அதிகாரியை நிறுத்தியது. வில்க்ஸ் 1,143. லட்ரல் 296. இரண்டு நாள் கழித்துச் சபை கூடி, வாக்கெடுத்து அறிவித்தது — வென்றவர் லட்ரல்!

கணக்குத் தெரிந்த பிள்ளைகள் எவரும் வேண்டுமானால் கழித்துப் பார்க்கலாம். 296 பெரிது, 1,143 சிறிது. அதுதான் அன்றைய காமன்ஸ் சபையின் கணிதம்.

தம்பிகளின் முதற் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சபைக்கு ஓர் உறுப்பினரை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இல்லையா? இருக்கிறது. நீக்கும் அதிகாரமும் அன்று இருந்தது. நம் நாட்டிலும் உண்டு என்று 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது — கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் நீக்கப்பட்ட 11 உறுப்பினர்களின் வழக்கில். ஆனால் நீதிமன்றம் அதை ஆராய்ந்து பார்க்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. நீக்குவது ஒன்று, இனி இவனை அனுப்பாதே என்று மக்களுக்கு உத்தரவு போடுவது வேறொன்று. முன்னது வீட்டுக்குள் தகராறு. பின்னது வீட்டுக்காரனையே வெளியே தள்ளுவது. உறுப்பினராக யார் தகுதியுள்ளவர் என்பதைச் சட்டம் எழுதி வைக்கும். சபை அன்றைய கோபத்துக்கு ஏற்பப் புதிய தகுதிக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வேறுபாட்டை மிடில்செக்ஸ் மக்கள் நான்கு முறை வாக்களித்து உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். சரியாக இருநூறு ஆண்டு கழித்து, 1969-இல், ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பின உறுப்பினரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உள்ளே விட மறுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வில்க்சின் கதையை விரிவாக எடுத்துக் காட்டிச் சபையின் செயல் தவறென்று தீர்ப்பளித்தது.

தமிழகத்துக்கும் இந்த நெருப்பு புதிதல்ல. 1986-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவைக் கொளுத்தியதற்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட கழக உறுப்பினர்கள் 10 பேரைச் சட்டமன்றத்திலிருந்து நீக்கினார்கள். 1989 தேர்தலில் மக்கள் கழகத்தையே கோட்டைக்கு அனுப்பினார்கள், பேராசிரியர் அமைச்சரானார். சிலர் மறந்திருப்பார்கள், நாம் மறக்கவில்லை.

சிறையிலிருந்த வில்க்சை மக்கள் விட்டுவிடவில்லை. அவன் கடனைத் தீர்க்க உரிமைச் சாசன ஆதரவாளர் கழகம் ஒன்று எழுந்தது. கடல் கடந்து, தென் கரோலினா சட்டசபை 1769 டிசம்பரில் 1,500 பவுன் அனுப்பி வைத்தது. பென்சில்வேனியாவில் ஓர் ஊருக்கு இன்றும் வில்க்ஸ்-பாரே என்று பெயர். அமெரிக்காவில் பல பிள்ளைகளுக்கு அவன் பெயரைச் சூட்டினார்கள். அப்படிச் சூட்டப்பட்டவர்களில் ஒருவன்தான் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத். பெயருக்கு நேர்ந்த கெடுதலுக்குப் பெயர் என்ன செய்யும்!

1770 ஏப்ரலில் வெளியே வந்தான். லண்டன் மாநகராட்சியின் ஆல்டர்மன் பதவிக்குச் சிறையில் இருந்தபோதே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பதவியால் அவனுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமும் இருந்தது. அதை வைத்து ஒரு விளையாட்டு ஆடினான் பாருங்கள், அடடா!

அந்நாளில் சபையில் பேசுவதை ஏட்டில் போடுவது குற்றம். உறுப்பினர் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பதை அவரை அனுப்பியவனே அறியக் கூடாது! 1771-இல் சில அச்சகத்தார் துணிந்து போட்டார்கள். பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்று அரசு அறிவித்தது. அச்சகத் தொழிலாளி ஒருவனே வீபிள் என்ற பதிப்பாளரைப் 'பிடித்து' வில்க்சின் முன் கொண்டுவந்தான். குற்றம் ஏதுமில்லை என்று வில்க்ஸ் வீபிளை விடுவித்தான். பிடித்தவன்மேல் வழக்குப் பதிவு செய்யச் சொன்னான். மில்லர் என்ற மற்றொருவரைப் பிடிக்கச் சபையே ஏவலாளை அனுப்பியது. மில்லர் நகரக் காவலரைக் கூப்பிட்டு, என்னைத் தாக்க வந்தான் என்று அந்த ஏவலாளையே பிடித்துக் கொடுத்தார்! மேயர் கிராஸ்பி, ஆல்டர்மன் ஆலிவர், வில்க்ஸ் மூவரும் சேர்ந்து அந்த ஏவலாளை ஜாமீன் கொடுக்கச் சொன்னார்கள். கொதித்தெழுந்த சபை, மேயரையும் ஆலிவரையும் டவர் சிறைக்கு அனுப்பியது. வில்க்சை? வா என்றது. மிடில்செக்ஸ் உறுப்பினன் என்ற முறையில் என் இருக்கைக்கு அழைத்தால் வருகிறேன் என்றான் அவன். அழைத்தால் அவன் உறுப்பினன் என்றாகிவிடும். அழைக்காவிட்டால் சபைக்கு அஞ்சாதவன் ஒருவன் வெளியே இருப்பான். சபை என்ன செய்தது? ஏப்ரல் 8-ஆம் நாள் வரச் சொல்லிவிட்டு, 9-ஆம் நாள் வரை தன்னைத் தானே ஒத்தி வைத்துக்கொண்டது!

அதற்குப் பிறகு சபை நடவடிக்கைகளை அச்சிட்டதற்காக அச்சகத்தாரைத் துரத்தும் துணிவு காமன்ஸ் சபைக்கு வரவில்லை. நம் நாட்டில் இதற்கென 1956-இல் ஒரு சட்டம் வந்தது. நெருக்கடி காலத்தில், 1976-இல் அதை ஒழித்தார்கள். 1977-இல் மீண்டும் இயற்றி, 1978-இல் அரசியல் சட்டத்திலேயே 361-ஏ என்ற விதியாகப் பதித்தார்கள். நாளை காலை நமது ஏட்டில் சட்டமன்றச் செய்தியைப் படிக்கும் தோழர், அந்தப் பத்திகளுக்காக டவர் சிறையில் ஆறு வாரம் கிடந்த ஒரு மேயரையும் நினைத்துக்கொள்ளலாம்.

1774-இல் வில்க்ஸ் லண்டன் மேயரானான். அதே ஆண்டு மிடில்செக்ஸ் மீண்டும் அவனைத் தேர்ந்தெடுத்தது. இந்த முறை எவரும் வாய் திறக்கவில்லை. அமெரிக்கக் குடியேற்ற மக்கள்மேல் போர் தொடுப்பதை எதிர்த்துப் பேசினான். 1776 மார்ச் 21-ஆம் நாள் ஓட்டுரிமைச் சீர்திருத்தத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். எளிய கைவினைஞனும், ஏழை உழவனும், தினக் கூலியும் தன்னை ஆளும் சட்டத்தைச் செய்வதில் பங்கு பெற வேண்டும் என்றான். அந்தச் சபையிலே அப்படியொரு பேச்சு! யாரும் பொருட்படுத்தவில்லை. வாக்கெடுப்புக்கூட இல்லாமல் தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு வர 1918 ஆயிற்று.

கதையின் கசப்பான பகுதியையும் மறைக்கக் கூடாது. 1780 ஜூனில் கத்தோலிக்கர்களுக்கு எதிராக லண்டனில் மதவெறிக் கலவரம் மூண்டது. கும்பல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தைத் தாக்க வந்தபோது, படையோடு நின்று சுட்டவர்களில் வில்க்சும் ஒருவன். அந்தக் கும்பலிலே பலர், அவனுக்காக ஒரு காலத்தில் சுவரில் 45 எழுதியவர்கள். மதவெறிக்கு எதிரே நின்றான் என்று அவனைப் பாராட்டுவோரும் உண்டு; மைதானத்தில் செத்தவர்களின் பெயரால் வாழ்ந்தவன் துப்பாக்கி தூக்கலாமா என்று கேட்டோரும் உண்டு. மதவெறியை நாம் ஒரு நாளும் ஆதரிக்க மாட்டோம். இருந்தும் அந்தக் காட்சி நம் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. தெருவும் அதற்குப் பின் அவனை மன்னிக்கவில்லை.

ஒரே ஒரு பழைய கணக்கை மட்டும் அவன் விடவில்லை. 1774-இல் சபைக்குள் நுழைந்தது முதல், 1769-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தீர்மானம் கொண்டுவந்தான். தோற்றான். மீண்டும் கொண்டுவந்தான். தோற்றான். சிலருக்குச் சலிப்பு, சிலருக்குச் சிரிப்பு. 1782 மே 3-ஆம் நாள் 115-க்கு 47 என்று நிறைவேறியது. வாக்காளர் அனைவரின் உரிமைக்கும் குழி பறிக்கும் தீர்மானம் அது என்று சபையே ஒப்புக்கொண்டு, தன் குறிப்பேட்டிலிருந்து அந்த வரிகளை அடிக்கச் சொன்னது. சபையின் எழுத்தர், உறுப்பினர்களின் கண்ணெதிரே, மேசைமேல் பழைய ஏட்டை விரித்து வைத்துப் பேனாவால் கோடிட்டார்.

1790 தேர்தலில் ஆதரவில்லை என்று கண்டு ஒதுங்கிக்கொண்டான். 1797 டிசம்பர் 26-ஆம் நாள் இறந்தான். உயிலில் பலருக்கும் தாராளமாக எழுதி வைத்திருந்தான். எண்ணிப் பார்த்தபோது அவ்வளவு கொடுக்க அவனிடம் சொத்து இல்லை. லண்டனில் கிராஸ்வெனர் சிற்றாலயத்தில் அடக்கம் செய்து, விடுதலைக்கு நண்பன் என்று கல்லில் பொறித்து வைத்தார்கள்.